கலர் கட்டையும் நான் மாற்றாத பூவும்

பூவை நான் மாற்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் உறவில் காதுகுத்து, வளைகாப்பு என்று எது நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் யாராவது ஒருவர் என்னைக் கைகாட்டி, "இவ சின்னதுல கோயில்லயே பூவை மாத்திப்போட்டவ, தெரியுமா" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். மாற்றவில்லை என்று சொன்னால் நம்ப ஆளில்லாமல், நானும் இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே சிரித்தாயிற்று. ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டேன், இனிமேல் யாருடைய மனம் கோணும் என்று பார்ப்பது? என் வயதுக்காரர்கள் நீங்கள் கேளுங்கள். உங்களுக்குத்தான் அந்தக் காலம் புரியும்.

கலர் கட்டை உங்களுக்கு நினைவிருக்கும். ஆறு பக்கம், ஆறு நிறம், திருகினால் கலையும், மறுபடி சேர்ப்பதற்குள் தலை சுற்றிவிடும். இப்போது பிள்ளைகள் க்யூப் என்கிறார்கள். எங்களுக்கு அது கட்டைதான். அது நம் பக்கம் முதன்முதலில் வந்த கோடைவிடுமுறையில், பம்பாயில் வேலை பார்த்த சின்ன மாமா, அம்மாவின் தம்பி, இரண்டு கட்டைகள் வாங்கி வந்தார். அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அக்கா பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்டுக்காகக் காத்திருந்தாள். நான் ஆறாவது முடித்திருந்தேன்.

டப்பாவைத் திறந்ததும் வந்த பிளாஸ்டிக் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. புது மழைக்கோட்டைப் பிரித்தால் வரும் வாசனை அது. வெள்ளைப் பக்கம் தொடத் தொட அழுக்கேறும். வியர்வைக் கை பட்டு ஒட்டுத்தாள்களின் ஓரம் பெயரும், நான் சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டிவைப்பேன். திருப்ப இறுக்கமாக இருக்கிறதே என்று ஒருநாள் தேங்காய் எண்ணெய் விட்டேன். எங்கள் வீட்டை ஒட்டி நாலு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. ஈரோட்டுக்குத் தெற்கே எங்கள் ஊரில் அப்போது பாதி வீடுகளில் தறிதான். பறந்த பஞ்சையெல்லாம் அந்த எண்ணெய் இழுத்து, கட்டை உள்ளுக்குள் திரி போட்ட விளக்காகிவிட்டது. அக்கா ஊக்கை வைத்து ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பஞ்சைக் கிளறி எடுத்தாள். திட்டவில்லை.

உள்ளதைச் சொன்னால், எனக்குக் கட்டையை முழுசாகச் சேர்க்கவே தெரியாது. அக்காவுக்குத்தான் தெரியும். அவள் ஒரு கணக்கு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, அம்புக்குறியாகப் போட்டுப் போட்டு, பத்தே நாளில் தானாகக் கண்டுபிடித்தாள். யாரும் சொல்லித்தரவில்லை, சொல்லித்தர ஊரில் ஆளும் இல்லை. எங்கள் அப்பா அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது கோலமா, கணக்கா அம்மணி" என்றார். "கணக்குதானுங்கப்பா" என்றாள் அக்கா. அந்தத் தலைக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அக்காவுக்கு மூளை ஓடும், விரல் ஓடாது. எனக்கு நேர்மாறு. அதனால் நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். அவள் யோசித்தாள், நான் செய்தேன். சேர்ந்திருக்கிற கட்டையை நாலே நாலு திருப்புத் திருப்பினால் போதும், பார்க்கிறவருக்கு அது சுத்தமாகக் கலைந்த மாதிரியே தெரியும். எந்த நாலு திருப்பினால் மிக மோசமாகக் கலைந்த மாதிரி இருக்கும் என்று அக்கா தேடிக் கண்டுபிடித்தாள். நான் கட்டையைக் காட்டிவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், கதை பேசிக்கொண்டே அந்த நாலையும் திருப்பி எடுத்துவிட்டு முன்னால் நீட்டுவேன். ஆறு பக்கமும் ஆறு நிறம். தறிக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள்.

கட்டை திரும்பும்போது கிர்க் கிர்க் என்று சத்தம் வரும். தறி ஓடுகிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்காது. ஒருநாள் நான் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது திருப்பில் இருந்தபோது கரண்ட் போய்விட்டது. நாலு தறியும் ஒன்றாக நின்றது. அந்த அமைதியில் கிர்க் என்று ஒரு சத்தம். பாவு நூல் பிணைத்துக்கொண்டிருந்த தறிக்காரர் தலையைத் தூக்காமல், "பாப்பா, எலி புடிச்சிருக்கறயாட்ட இருக்குது" என்றார். அன்றைக்கு எல்லாரும் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது வேறு சிரிப்பு.

பெரிய வித்தை ஒன்று வைத்திருந்தோம். அதற்கு இரண்டு கட்டையும் வேண்டும். பார்க்கிறவர் கையிலேயே கட்டையைக் கொடுத்து அவர் இஷ்டத்துக்குக் கலைக்கச் சொல்வேன். வாங்கி மஞ்சப்பைக்குள் போட்டு, மூன்று எண்ணுவதற்குள் சேர்ந்த கட்டையாக வெளியே எடுப்பேன். சேர்ந்தது அக்காவின் கட்டை, என் பாவாடை மடிப்பிலிருந்து பைக்குள் போனது. கலைந்தது மடிப்புக்குள் வந்துவிடும். கை மாறுவது கண்ணுக்குத் தெரியாமல் இருக்க நான் ஒரு மாதம் பழகினேன்.

இதற்கு அப்பாவை விட நல்ல பார்வையாளர் கிடையாது. ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும், "கட்டையக் கொண்டா கண்ணு" என்று கூப்பிட்டுவிடுவார். ஒருநாள் என்னைத் தனியாகக் கூட்டிப்போய், "எனக்கு மட்டும் சொல்லு அம்மணி, எப்படி" என்று கேட்டார். அப்பா கேட்டால் சொல்லாமல் இருப்பேனா? "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்கப்பா. அவிங்க என்ன பண்ணுனாலும் நாம நெனச்சதுதான் வெளிய வரும்" என்றேன். அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பிற்பாடு எத்தனையோ நாள் அந்தச் சிரிப்பை நினைத்து நான் தூங்காமல் புரண்டிருக்கிறேன்.

ரிசல்ட் வந்தது. அக்காவுக்குக் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். கோயமுத்தூரில் ஒரு காலேஜில் பி.எஸ்ஸி. கணக்குக்கு இடம் கிடைத்து, ஹாஸ்டலில் சேர வேண்டிய தேதி போட்ட கடிதாசியும் வந்துவிட்டது. அதே வாரம் வெள்ளகோவிலிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். அவள் மகனுக்கு எண்ணெய் மில். வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே, "முறைப் பொண்ணைக் காலேஜுக்கு அனுப்பிப்போட்டு என்ற மகன் வெளிய பொண்ணு தேடோணுமா" என்றாள்.

அக்கா யார் பேச்சுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசாதவள். அன்றைக்கு அப்பாவிடம் போய் நின்று, "மூணே வருசமுங்கப்பா. படிச்சு முடிச்சுட்டு நீங்க சொல்றவிங்களக் கட்டிக்கறனுங்க" என்றாள். அப்பா அத்தையையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார். அத்தையிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அக்காவிடம் முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் ஒரு மரியாதையாவது மிஞ்சியிருக்கும். அவர் சொன்னது இது: "நம்ம அம்மங்கிட்ட பூக் கேட்டுப்போடலாம் அம்மணி. வெள்ளை வந்தா கல்யாணம். செவப்பு வந்தா நானே உன்னையக் காலேஜுல கொண்டுபோய் உட்டுட்டு வாரேன்."

பூக் கேட்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்களிடம் கல்யாணம், கிணறு வெட்டு, நிலம் வாங்குவது எதற்கும் அதுதான். பண்டாரம், அதாவது கோயில் பூசாரி, ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூவும் வைத்துக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார். விவரம் தெரியாத குழந்தை ஒன்று போய் ஒன்றை எடுக்கும். எடுத்ததை எல்லார் முன்னாலும் பிரிப்பார்கள். எடுக்காததைப் பிரிக்காமல் மரத்தடியில் போட்டுவிடுவார்கள். கள்ளம் தெரியாத கையாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

அதற்கு யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேளுங்கள். என்னை. ஒரு கோடை முழுக்க ஒரு பொருளை எடுத்து இன்னொரு பொருளாக நீட்டப் பழகிய என் கையை. கூட்டம் கூட்டி என் வித்தையைப் பார்த்துக் கைதட்டியவர்கள்தான் எல்லாரும். ஆனாலும் பதினோரு வயதுப் பெண்பிள்ளை என்றால் விவரம் தெரியாதவள் என்பது அவர்கள் கணக்கு. இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறு எங்கும் பார்க்க முடியாது.

நாங்கள் இரண்டு பேரும் அன்று மாலையே முடிவு செய்துவிட்டோம். வேலியோரச் செவ்வரளியில் நாலு பூப் பறித்து, வாழையிலைத் துண்டில் வைத்து, நாரால் அக்காவே கட்டினாள். கிணறு வெட்டப் பூக் கேட்டபோது பார்த்திருந்ததால் பொட்டலம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தட்டிலிருந்து எதை எடுத்தாலும், பண்டாரத்தின் கைக்குப் போகும்போது அது எங்கள் பொட்டலமாகிவிட வேண்டும். நான் இருபது தடவை செய்துகாட்டினேன். கட்டையை விட இது சின்னது, சுலபம். அக்கா ஒரு தடவை மட்டும், "சாமி குத்தம் ஆகாதாடி" என்றாள். "நான் பாத்துக்கறன், நீ காலேஜுக்குப் பொட்டி கட்டு" என்றேன். அத்தனை தெனாவட்டு எனக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனோம். அப்பா, அம்மா, அத்தை, அத்தை மகன், நாங்கள் இரண்டு பேர். பண்டாரம் உள்ளே போய்ப் பொட்டலம் கட்டி, விபூதித் தட்டில் வைத்துக் கொண்டுவந்து அம்மன் முன்னால் வைத்தார். கற்பூரம் காட்டினார். "வா பாப்பா, மனசுல சாமிய நெனச்சுட்டு ஒண்ணை எடு" என்றார். எங்கள் பொட்டலம் பாவாடை மடிப்பில் இருந்தது. அதன் ஈரம் இடுப்பில் பட்டுக்கொண்டிருந்தது.

கையை நீட்டியபோது அம்மனின் வெள்ளிக் கண் இரண்டும் என்னையே பார்த்தன. அதுவரை நான் ஏமாற்றியவர்கள் எல்லாரும் ஏமாறத்தான் வந்தார்கள். இவள் அப்படியில்லையே என்று தோன்றியது. அடுத்த நொடியே இன்னொன்றும் தோன்றியது: அக்கா என்ன தப்புச் செய்தாள், அம்மனே சிவப்பைக் கொடுப்பாள், நான் எதற்கு நடுவில். இப்படி நினைத்துத்தான் மடிப்பைத் தொடாமல், தட்டில் இருந்த ஒரு பொட்டலத்தை எடுத்து, அப்படியே பண்டாரத்திடம் கொடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை.

பிரித்தார். நந்தியாவட்டை. வெள்ளை.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். அக்கா தூணோரம் நின்று என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அப்பாவைக் கவனித்தேன். எல்லாரும் பண்டாரத்தின் கையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் மேலே கட்டியிருந்த மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கோடை முழுக்க வித்தை காட்டியவளுக்கு அது என்னவென்று தெரியாதா? என்ன வரப்போகிறது என்று தெரியாதவர்கள்தான் கையைப் பார்ப்பார்கள். பைக்குள்ளிருந்து கட்டையை எடுக்கும்போது அக்கா என் கையைப் பார்க்கவே மாட்டாள்.

யாரும் தடுப்பதற்குள் தட்டில் கிடந்த மற்றப் பொட்டலத்தை எடுத்து நாரைப் பிய்த்தேன். அதிலும் நந்தியாவட்டை.

"ரெண்டுலயும் வெள்ளை" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பிரிக்கக் கூடாததைப் பிரித்துவிட்டேன் என்று அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அந்த அடியில் என் மடிப்பிலிருந்த பொட்டலம் கீழே விழுந்து அவிழ்ந்து, செவ்வரளி நாலும் கல் தரையில் சிதறியது.

அவ்வளவுதான். அத்தை குனிந்து ஒரு பூவை எடுத்துக் காட்டினாள். "பாத்துக்குங்க. வெள்ளை வந்துபோச்சுன்னு பொறுக்காம, செவப்பை எடுத்து மடியில ஒளிச்சுப்போட்டு, இன்னொரு வெள்ளையக் காட்டறா. கட்டையில பண்ற வேலைய அம்மங்கிட்டயே பண்ணிப்போட்டா" என்றாள். "இது நாங்க ஊட்லயே கட்டுனது, நாரைப் பாருங்க, எங்க முடிச்சு வேற" என்று நான் கத்தினேன். ஒருத்தராவது குனிந்து பார்க்க வேண்டுமே. பார்க்கவில்லை. பொய்ப் பூவைக் கொண்டுவந்தவள் நான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை நான் வெளியே எடுக்கவில்லை. பண்டாரம், "சின்னப் புள்ள வெளையாட்டு, உடுங்க" என்று சொல்லிக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவருக்கு என்ன அவசரம் என்று யாரும் கேட்கவில்லை.

அப்பா என் பக்கத்தில் வந்து குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "சாமிகிட்ட வெளையாடக் கூடாது அம்மணி."

அவர் சொன்னார். என்னிடம் சொன்னார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இரண்டு கட்டையையும் வெந்நீர் அடுப்பில் போட்டாள். தறிப் பக்கமெல்லாம் பிளாஸ்டிக் கருகின நாற்றம். ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம். நான் யாரிடம் சொல்லியும் எடுபடவில்லை. வித்தைக்காரி சொல்வதை யார் நம்புவார்கள்? பின்னாளில், எனக்கே பிள்ளைகள் பிறந்தபின், இரண்டிலும் வெள்ளையைக் கட்டச் சொன்னது நீங்கள்தானா என்று அப்பாவிடம் ஒருதடவை நேராகக் கேட்டேன். "பழசை எதுக்கு அம்மணி கிளறற" என்றார். இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. இப்போது யோசித்தால், அக்காவின் படிப்பு அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லாமல் போகவில்லை, உடன்பிறந்தவளின் முகம் கோணுவது அதை விடப் பெரிதாகப் பட்டிருக்கிறது என்று புரிகிறது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

அத்தை மகன் கெட்டவரில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அக்கா வெள்ளகோவிலில் இருந்த வருடங்களில் தெருப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதில் இரண்டு பேர் கணக்கு வாத்தியார் ஆகிவிட்டார்கள். இவளுக்குப் படிப்பு பிளஸ் டூ.

போன மாதம் சரவணம்பட்டியில் அக்கா மகனின் ஃபிளாட்டுக்குப் போயிருந்தேன். அக்காவும் அவள் வீட்டுக்காரரும் இப்போது அங்கேதான். பேரன் கையில் ஒரு க்யூப். போனில் நேரம் பார்த்துக்கொண்டு அரை நிமிடத்தில் சேர்க்கிறான். அதைப் பார்த்ததும் அத்தை மகன், "இதெல்லாம் என்ன பெருசு, உங்க சின்னாத்தா அம்மங்கிட்டயே பூவை மாத்துனவ" என்று தொடங்கிவிட்டார். பேரன், மருமகள், எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"ஏனுங்க்கா, நீயாச்சும் ஒருதடவை சொல்லக்கூடாதா? நான் மாத்தலைன்னு உனக்குத் தெரியுமல்ல" என்றேன்.

அக்கா குழாயைத் திறந்து டம்ளரைக் கழுவ ஆரம்பித்தாள். "தெரியும். அதுதாண்டி என்ற கோவமே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "எனக்கு அப்பா மேல கோவமில்ல, அத்தை மேலயும் இல்ல. அவிங்க அப்படித்தான்னு எனக்கு முன்னாலயே தெரியும். உன்ற கையைத்தான் நான் நம்புனேன். பொட்டியெல்லாம் கட்டி வெச்சுட்டு வந்தேன். நீ ஏன் மாத்தல?"

நாற்பது வருடத்துக்கு மேலாக நான் மாற்றவில்லை, மாற்றவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இவள் காது கேட்கவும்தான் சொல்லியிருக்கிறேன்.

"பயந்துட்டேங்க்கா. அம்மன் பாத்துட்டு இருந்தா" என்றேன்.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையக் கட்டறப்பவும் அவ பாத்துட்டுத்தான் இருந்தா" என்றாள் அக்கா, அடுத்த டம்ளரை எடுத்தபடி.